நரிக்கு எந்தத் தோட்டா? வி-மேக்ஸ் 55 கிரெயினோடு மூன்று ஈற்றுக் காலம்

போன வாரம் ஒரு தம்பி வாட்ஸாப்பில் கேட்டிருந்தார். ஆஸ்திரேலியாவில், விக்டோரியா மாநிலத்தின் மேற்கே ஒரு செம்மறிப் பண்ணையில் புதிதாகச் சேர்ந்திருக்கிறார். லைசென்ஸ் வந்துவிட்டது, .223 ரைஃபிள் ஒன்றும் வாங்கிவிட்டார். “அண்ணே, நரிக்கு எந்தத் தோட்டா வாங்குறது? கடையில ஒரு அலமாரி நிறைய இருக்கு. எதைக் கேட்டாலும் நல்லா இருக்கும்னு சொல்றாங்க. முந்நூறு மீட்டர் போகணும்ணே.”

ஒரே வரியில் பதில் வேண்டுமென்றால்: ஹார்னடி நிறுவனத்தின் .223 ரெமிங்டன், 55 கிரெயின் வி-மேக்ஸ். (.223 ரெமிங்டன் என்பது தோட்டாவின் அளவு, கிரெயின் என்பது குண்டின் எடைக் கணக்கு, வி-மேக்ஸ் என்பது குண்டின் வகைப் பெயர்.) மூன்று ஈற்றுக் காலமாக அதைத்தான் சுடுகிறேன், இந்த வருஷமும் அதுதான். ஆனால் அவர் கேட்டதில் கடைசி வாக்கியம்தான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது. முந்நூறு மீட்டர் எந்தத் தோட்டாவும் போகும். போய் எங்கே படும் என்று சுடுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதை ஒரு கெட்ட இரவில்தான் நான் கற்றுக்கொண்டேன்.

நான் வேலை செய்வது டன்கெல்டு ஊருக்குத் தெற்கே. வாசலில் நின்றால் வடக்கே கிராம்பியன்ஸ் மலையின் தென்கோடி தெரியும். மற்ற மூன்று பக்கமும் தட்டையான புல்வெளி, அங்கங்கே பெரிய ரெட் கம் மரங்கள், கருங்கல்லை மண் வைக்காமல் அடுக்கிக் கட்டிய பழைய சுவர்கள். ஜூலைக் கடைசியில் ஆடுகள் ஈனத் தொடங்கும். குளிரும் மழையும் காற்றும் சேர்ந்து வரும் மாதம் அது. செத்துக் கிடக்கும் குட்டிகளில் பெரும்பாலானவை குளிரிலும் பாலில்லாமலும் தாய் சேர்க்காமலும் போனவைதான், எல்லாப் பழியையும் நரிமேல் போடுவது நியாயமில்லை. ஆனால் இரட்டை ஈன்ற ஆடு இரண்டாவது குட்டிக்குத் திரும்பும் அந்த ஐந்து நிமிஷத்துக்குள் முதல் குட்டியைத் தூக்கிக்கொண்டு போகும் நரியை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். தாய் ஆடு இரண்டு நாள் அதே இடத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தது.

நான் பிறந்தது மானாமதுரைப் பக்கம், கிடை ஆடு வைத்திருந்த குடும்பம். தாத்தா ராத்திரியில் அரிக்கேன் விளக்கும் கம்பும் நாயும் வைத்துக்கொண்டு கிடைக்குக் காவல் இருப்பார். நரி ஊளை கேட்டால் எழுந்து ஒரு சுற்று சுற்றி வருவார், அவ்வளவுதான். நரி முகத்தில் முழித்தால் நல்லது நடக்கும் என்று சொல்லி வளர்த்த வீடு. இன்றைக்கும் ஊரில் நரியைத் தொடக்கூடாது. குள்ளநரி, வங்காநரி இரண்டுமே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கும் விலங்குகள், அந்த மண்ணுக்கே உரியவை. இதைப் படித்துவிட்டு ஊரில் யாரும் வேறு யோசனை செய்ய வேண்டாம். இங்கே கதை வேறு. ஆஸ்திரேலியாவில் ஆதியில் நரி கிடையாது. வெள்ளைக்காரர்கள் வேட்டை விளையாட்டுக்காகக் கப்பலில் கொண்டுவந்து விட்ட ஐரோப்பியச் செந்நரி 1870களில் இந்த விக்டோரியாவில்தான் காலூன்றியது. அதனால் ஆடு வளர்க்கிறவர்களுக்கு நஷ்டம் என்பது ஒரு பக்கம். இந்த மண்ணின் சின்ன உயிர்கள் பட்ட பாடு அதைவிடப் பெரிது. எங்கள் பக்கத்து ஊரான ஹாமில்டனில்தான் ஈஸ்டர்ன் பார்ட் பாண்டிகூட் என்ற, பெருச்சாளி அளவுள்ள பையுயிரி இந்தக் கண்டத்தில் கடைசியாக மிஞ்சி இருந்தது. நரி நுழையாத வேலிக்குள்ளும் தீவுகளிலும் வைத்துத்தான் அதைக் காப்பாற்றினார்கள். தெற்கே வார்னம்பூல் கடற்கரையில், மிடில் ஐலண்டில் இருந்த குட்டிப் பென்குயின்கள் 2005இல் பத்துக்கும் கீழே வந்துவிட்டன, காரணம் நரி. 2006இல் மரேமா காவல் நாய்களைக் கொண்டுபோய் விட்டபிறகுதான் அவை மீண்டன.

துப்பாக்கி மட்டும் நரித் தொல்லையைத் தீர்க்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஈற்றுக்கு முன்னால் அக்கம்பக்கத்துப் பண்ணைகள் எல்லாம் சேர்ந்து ஒரே சமயத்தில் 1080 என்ற விஷம் கலந்த இரை வைப்பதுதான் பெரிய வேலை. இரையை மோந்து பார்த்துவிட்டுப் போகும் கிழட்டு நரிகளும், ஈற்று நடக்கும் பேடக்கை (வேலியடைத்த மேய்ச்சல் நிலம்) சுற்றியே வட்டமிடும் நரிகளும்தான் ரைஃபிளுக்கு மிஞ்சும். அவை அனுபவப்பட்டவை. வாயில் வைத்து ஊதும் தகர விசிலில் முயல் கத்துவதுபோல் கூப்பிட்டால் இளம் நரி முப்பது மீட்டர் வரை ஓடி வரும். ஒரு தடவை தப்பித்த நரி அந்தச் சத்தம் கேட்டதும் இருநூறு மீட்டரில் உட்கார்ந்துகொண்டு பார்க்கும். தூரத்துச் சுடுதல் என்ற பேச்சே அங்கிருந்துதான் வருகிறது.

இப்போது அந்த இரவு.

முதல் வருஷம் கடையில் இருந்ததிலேயே மலிவான 55 கிரெயின் சாஃப்ட் பாயின்ட் (நுனியில் ஈயம் வெளியே தெரியும் வகை) தோட்டா வாங்கினேன். எந்த நிறுவனம் என்று சொல்லப்போவதில்லை. அதே பெட்டி வேறொருவர் குழலில் நன்றாகச் சுடலாம். பிப்ரவரியில், 36 டிகிரி வெயிலில், நூறு மீட்டரில் மூன்று குண்டு சுட்டேன். ஏதோ சுமாராக ஒரே இடத்தில் விழுந்தது, ஸ்கோப்பைத் திருகினேன், சரி என்று வந்துவிட்டேன். ஜூலைக் கடைசி, இரவு பதினோரு மணி, 3 டிகிரி. 260 மீட்டரில் நரி பக்கவாட்டில் நின்றது. சுட்டேன். நரி சுருண்டு விழுந்து, எழுந்து, பின்னங்காலை இழுத்துக்கொண்டு கல் சுவர்ப் பக்கம் போய்விட்டது.

எங்கள் கெல்பி நாயைக் கூட்டிக்கொண்டு டார்ச் வெளிச்சத்தில் இரண்டு மணி நேரம் தேடினேன். சுவரின் அடியில், கற்கள் சரிந்த ஒரு பொந்தில் ஒடுங்கிக் கிடந்தது. வயிற்றின் கீழ்ப்பக்கமும் தொடையும் கிழிந்திருந்தன. என்னைப் பார்த்தது. கத்தவில்லை. அருகிலிருந்து முடித்துவைத்தேன். அந்த இரண்டு மணி நேரமும் அது பட்டது என் கையால் பட்டது. குட்டியைத் தின்ற நரிதானே என்று மனசைத் தேற்றிக்கொள்ள முடியவில்லை. நரியைக் கொல்வது என் வேலை, வதைப்பது என் வேலை கிடையாது.

மறுநாள் ஓனரிடம் சொன்னேன். அறுபது வயதுக்கு மேலான மனிதர், திட்டவில்லை. “காகிதத்தில் சுட்டுப் பார்த்தாயா?” என்று மட்டும் கேட்டார். மூன்று குண்டு சுட்டேன் என்றேன். “மூன்று போதாது” என்றார்.

அந்த வாரமே வேகம் அளக்கும் குரோனோகிராஃப் கருவி ஒன்றைப் பக்கத்துப் பண்ணையில் இரவல் வாங்கினேன். மலிவுத் தோட்டாவை நூறு மீட்டரில் ஐந்தைந்தாக மூன்று முறை சுட்டேன். ஐந்து குண்டும் விழுந்த அகலம் சராசரி 68 மில்லிமீட்டர். அதை 260 மீட்டருக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 18 செ.மீ. அதோடு குளிரில் வெடிமருந்து மெதுவாக எரிவதால் வேகம் குறைந்து, பிப்ரவரியில் வைத்த குறிக்கு நாலைந்து செ.மீ. கீழே இறங்கியும் இருந்தது. நரியின் உடம்பு எவ்வளவு? குளிர்கால ரோமம் கண்ணை ஏமாற்றும். நனைத்துப் பார்த்தால் ஐந்தாறு கிலோ உடம்பு, பெரிய பூனையைவிடக் கொஞ்சம் கூடுதல். இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம் காபி டபராவின் வாய் அகலம், பத்து செ.மீ. பதினெட்டு செ.மீ. அகலத்துக்குச் சிதறும் தோட்டாவை வைத்துக்கொண்டு பத்து செ.மீ. வட்டத்தைப் பார்த்துச் சுட்டிருக்கிறேன். சரியான இடத்தில் பட்டிருந்தால்கூட அது என் திறமையாக இருந்திருக்காது.

சரி, என்ன வாங்குவது? மூன்று வகையைக் கொண்டுவந்து ஒரே நாளில், காற்றில்லாத காலையில் சுட்டேன். என்னுடையது டிக்கா டி3எக்ஸ், குழல் நீளம் 57 செ.மீ. முதலில் ஹார்னடி வி-மேக்ஸ் 55 கிரெயின். இரண்டாவது அதே நிறுவனத்தின் சூப்பர்ஃபார்மன்ஸ் வரிசையில் வரும் 53 கிரெயின் வி-மேக்ஸ். மூன்றாவது இந்த நாட்டிலேயே செய்யும் ஏடிஐ அவுட்பேக், அதில் சியெரா பிளிட்ஸ்கிங் 55 கிரெயின் குண்டு இருக்கும். இந்த மூன்றாவதன் தோட்டாவை பெனல்லாவில் செய்கிறார்கள், வெடிமருந்து முல்வாலாவிலிருந்து வருகிறது. முல்வாலா மருந்துக்குக் குளிர் வெயில் பேதம் அதிகம் தெரியாது என்ற நல்ல பெயர் உண்டு. அமெரிக்காவில் ஹாட்ஜ்டன் நிறுவனம் வார்கெட் என்று விற்கும் பிரபலமான மருந்து, முல்வாலாவின் ஏஆர் 2208தான்.

நூறு மீட்டரில் ஐந்து குண்டுச் சராசரி: ஏடிஐ 21 மி.மீ., வி-மேக்ஸ் 55 கிரெயின் 24 மி.மீ., 53 கிரெயின் 27 மி.மீ. மூன்றுமே எனக்கு வேண்டியதைவிட நன்றாகச் சுட்டன. ஏடிஐ ஒரு முடி அளவு முந்தியது. ஆனால் நான் போன கடையில் அன்றைக்கு ஒரே லாட் எண்ணில் இரண்டு பெட்டிதான் இருந்தது. வி-மேக்ஸ் ஒரே லாட்டில் பத்துப் பெட்டி இருந்தது, 200 தோட்டா. அதை அள்ளிக்கொண்டு வந்தேன்.

இந்த லாட் எண்ணைப் பலர் பார்ப்பதே இல்லை, அதனால் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். பெட்டியின் மடிப்பிலோ அடியிலோ சின்ன எழுத்தில் ஒரு எண் அச்சிட்டிருக்கும், ஒரே தடவையில் செய்த எந்தத் தொகுதி என்று அது சொல்லும். ஒரே பெயர், ஒரே நிறப் பெட்டி என்றாலும் லாட் மாறினால் மருந்து மாறும், வேகம் கொஞ்சம் மாறும், குறி நகரும். வருஷத்துக்கு நூறு தோட்டா சுடுகிறவர் ஐந்து தடவை ஒவ்வொரு பெட்டியாக வாங்குவதைவிட ஒரே தடவையில் மொத்தமாக வாங்கி, ஒரு தடவை குறி வைத்துவிட்டால் நிம்மதி. 20 தோட்டாப் பெட்டி எனக்கு 46 டாலருக்குக் கிடைத்தது. மலிவுப் பெட்டி 27 டாலர். ஒரு ஈற்றுக் காலத்தில் நரிமேல் சுடுவது முப்பது நாற்பது தோட்டாதான். அந்த வித்தியாசம் ஒரு செம்மறிக்குட்டி விலைக்குள் அடங்கிவிடும்.

ஒரு வி-மேக்ஸ் தோட்டாவை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். மொத்த நீளம் சுண்டுவிரல் அளவு. பித்தளைக் கூடு, அதன் கழுத்தில் செருகிய செம்பு நிறக் குண்டு, குண்டின் நுனியில் சிவப்பு பிளாஸ்டிக் முனை, பென்சில் கூரைப்போல. குண்டு மட்டும் 55 கிரெயின், அதாவது மூன்றரை கிராம் சொச்சம், அரைப் பவுன் தங்கத்துக்கும் குறைந்த எடை. அடிப்பக்கம் தட்டை. பெட்டியில் போட்டிருக்கும் வேகம் வினாடிக்கு 3240 அடி. என் குழலில் அளந்தபோது 3170 வந்தது. நிறுவனங்கள் நீளமான சோதனைக் குழலில் அளப்பதால் இந்தக் குறைவு இயல்புதான்.

அந்தச் சிவப்பு முனைக்கு இரண்டு வேலை. பறக்கும்போது காற்றைக் கிழிக்கிறது. உடம்பில் பட்டதும் பின்னால் அமுங்கி, குண்டுக்குள் இருக்கும் குழிவை ஆப்புபோல் பிளக்கிறது. மேலே இருக்கும் செம்புத் தோல் மெல்லியது, உள்ளே ஈயம். ஒரு சில செ.மீ. ஆழத்துக்குள் குண்டு முழுவதும் துகளாகிவிடும். இருக்கும் சக்தி எல்லாம் அந்தச் சின்ன மார்புக் கூட்டுக்குள்ளேயே இறங்குகிறது. சரியான இடத்தில் பட்ட நரி நின்ற இடத்தில் விழுகிறது, நான் சுட்டவற்றில் மறுபக்கம் துளைத்து வெளியே வந்தது அபூர்வம். ஃபுல் மெட்டல் ஜாக்கெட் என்று மலிவாக விற்கும் தோட்டா இதற்கு நேர் எதிர். பென்சில் அகலத்தில் ஒரு ஓட்டை போட்டுவிட்டு வெளியே போய்விடும், நரி ஓடிப்போய் எங்கோ மெதுவாகச் சாகும். நரிக்கு அதைத் தொடவே தொடாதீர்கள்.

எங்கள் நிலத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. புல்லுக்கு அடியில் எல்லாம் எரிமலைக் கல். கெட்டியான குண்டு கல்லில் பட்டால் சீறிக்கொண்டு எகிறிப் போகும், எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. வி-மேக்ஸ் பெரும்பாலும் அங்கேயே உடைந்து சிதறிவிடுகிறது. பெரும்பாலும் என்றுதான் சொல்கிறேன். நரிக்குப் பின்னால் மேடோ, கரையோ, சரிவோ இல்லையென்றால் விரல் விசைக்குப் போகக்கூடாது. மேட்டில் நிற்கும் நரியின் பின்னால் வானம் தெரிந்தால் அந்த நரி அன்றைக்குப் பிழைத்தது என்று அர்த்தம்.

குறை என்ன? உடைவதற்கென்றே செய்த குண்டு என்பதால் பெரிய விலங்குக்கு உதவாது. பன்றியின் தோள்பட்டையில் பட்டால் மேலேயே சிதறிப் புண்ணாக்கும். மான் வேட்டைக்கு .223 இங்கே சட்டப்படியே ஆகாது. இன்னொன்று, சிதறிய ஈயத் துகள் பிணத்துக்குள்ளேயே இருக்கும். எங்கள் பக்கம் ஆப்புவால் கழுகுகள் உண்டு, செத்த நரியைத் தின்ன இறங்கும், ஈயம் அவற்றுக்கு விஷம். அதனால் சுட்ட நரியை விட்டுவிட்டு வருவதில்லை, யூட்டில் (பின்பக்கம் திறந்த பண்ணை வண்டி) போட்டுக் கொண்டுவந்து குழியில் மூடுகிறேன். ஈயமில்லாத குண்டுகளும் கிடைக்கின்றன. ஆனால் .223இல் நான் பார்த்தது 35 கிரெயின் போல மிக லேசானது, எங்கள் காற்றில் அது இலைபோல் ஒதுங்கும்.

காற்று. நீண்ட தூரத்தில் எல்லாக் கணக்கும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும். குண்டு கீழே இறங்குவது பெரிய பிரச்சினை இல்லை, குளிரில் ஒரு தடவை சுட்டுக் குறி வைத்துவிட்டால் அது ஒரே மாதிரி இறங்கும். நூறு மீட்டரில் மூன்றரை நாலு செ.மீ. மேலே படும்படி வைத்தால் 180 மீட்டர் வாக்கில் நேராகப் படும், 275 மீட்டரில் 18 செ.மீ. கீழே. மனப்பாடம் செய்துவிடலாம். காற்று அப்படி மனப்பாடம் ஆகாது. மணிக்கு 16 கி.மீ. வேகத்தில் பக்கவாட்டில் அடிக்கும் காற்று, இங்கே ஆகஸ்டில் அது சாதாரணத் தென்றல், இந்த 55 கிரெயின் குண்டை 200 மீட்டரில் சுமார் 13 செ.மீ. தள்ளும். 275 மீட்டரில் சுமார் 27 செ.மீ. நரியின் மூக்கைப் பார்த்துச் சுட்டால் வயிற்றில் படும் தூரம் அது.

இதனால்தான் சிலர் பெரிய தோட்டாவுக்குப் போகிறார்கள். எங்கள் ஓனரிடம் .22-250 இருக்கிறது. அதே 55 கிரெயின் வி-மேக்ஸ் அதில் 3680 அடி வேகத்தில் போகும். காற்று தள்ளுவது 275 மீட்டரில் 23 செ.மீ. ஆகக் குறையும். பக்கத்துப் பண்ணையில் .243, 87 கிரெயின் வி-மேக்ஸ் சுடுகிறார்கள். அது கனமும் நீளமுமான குண்டு, 16 செ.மீ.தான் ஒதுங்கும். காற்றுக்கு .243தான் ராஜா, அதில் சந்தேகமில்லை. ஆனால் உதை அதிகம், சுட்டதும் ஸ்கோப்பில் நரி மறைந்துவிடும், எங்கே பட்டது என்று பார்க்க முடியாது. சத்தமும் பெரிது. இந்த மாநிலத்தில் சாதாரண லைசென்ஸில் சைலன்சர் வைத்துக்கொள்ள முடியாது. .22-250இல் மருந்து அதிகம் எரிவதால் குழல் சீக்கிரம் தேயும். .223 வைத்திருப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி உண்டு: நான் முன்னால் சொன்ன 53 கிரெயின் சூப்பர்ஃபார்மன்ஸ். குண்டின் வடிவம் ஒல்லி, வேகம் 3465. கணக்குப் போட்டால் 275 மீட்டரில் 22 செ.மீ. வாக்கில்தான் ஒதுங்குகிறது, .22-250இன் 55 கிரெயினுக்குச் சமம். தோட்டா மாற்றினாலே துப்பாக்கி மாற்றிய பலன். 250 மீட்டரை அடிக்கடி தொட வேண்டிய நிலம் என்றால் அதை வாங்குங்கள் என்பேன். விலை கொஞ்சம் கூட.

ஆனால் இரண்டையும் கலக்காதீர்கள். இரண்டாவது வருஷம் அதையும் செய்தேன். காற்று நாளுக்கு 53, மற்ற நாளுக்கு 55 என்று இரண்டு பெட்டியும் யூட்டில் கிடந்தது. என் குழலில் இரண்டும் நூறு மீட்டரில் நாலு செ.மீ. தள்ளித் தள்ளிப் படும். இருட்டில் மேகஸினில் எதைப் போட்டேன் என்று தெரியாமல் 210 மீட்டரில் ஒரு நரியை முழுசாகத் தவறவிட்டேன். அன்றைக்கு நல்லவேளை, முழுசாகவே தவறியது. அப்புறம் ஒரே தோட்டா என்று முடிவு செய்து 55இலேயே நின்றுவிட்டேன்.

தம்பி ஒரு விஷயம் தன் குழலில் பார்க்க வேண்டும். ரைஃபிள் குழலுக்குள் திருகு மரைபோல் புரி ஓடும், குண்டு சுழல்வது அதனால்தான். அது எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்று என்பது குழலிலேயே பொறித்திருக்கும், இல்லாவிட்டால் கைப்புத்தகத்தில் இருக்கும். என் டிக்காவில் 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று. பழைய .223 பலவற்றில் 12 அங்குலத்துக்கு ஒன்று. 12 என்றால் 55 கிரெயினோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 69, 75 கிரெயின் நீளக் குண்டுகளை அது நிலையாகச் சுழற்றாது, காகிதத்தில் வட்ட ஓட்டைக்குப் பதில் சாவித்துவாரம்போல் நீள ஓட்டை விழும். செகண்ட் ஹாண்ட் துப்பாக்கி என்றால் கட்டாயம் பாருங்கள். நண்பர் சொன்னார் என்று காற்றுக்காகக் கனமான குண்டு வாங்கி ஏமாறுகிறவர்கள் உண்டு.

இனி என் எல்லை. வி-மேக்ஸை மேசையில் வைத்துச் சுட்ட கணக்கு முன்னே சொன்னேன். ஆனால் நரிக்கு யாரும் மேசை போட்டுக்கொண்டு போவதில்லை. அதனால் பேடக்கிலேயே, ஈரப் புல்லில் படுத்து, பைபாட் என்ற இரண்டுகால் தாங்கியை விரித்து, இரவில் நான் போடும் அதே கனமான ஜாக்கெட்டோடு, பத்து செ.மீ. வட்டம் வெட்டிய அட்டையை வைத்துச் சுட்டேன். ஒரு நாளில் எல்லாம் சுடவில்லை. தினமும் காலையில் குழல் ஆறியிருக்கும்போது தூரத்துக்கு ஒரு குண்டு வீதம் பத்து நாள். நரி நமக்கு இரண்டாவது குண்டு தருவதில்லை, ஆறின குழலின் முதல் குண்டுதான் கணக்கு. 150 மீட்டரில் பத்துக்குப் பத்து. 200இல் பத்துக்குப் பத்து. 250இல் எட்டு. 300இல் ஐந்து.

அந்த முந்நூறைத்தான் தம்பி கேட்டார். தோட்டா போகும். வேகம் அப்போதும் வினாடிக்கு இரண்டாயிரம் அடிக்கு மேல் இருக்கும், நரிக்கு அது தாராளம். ஆனால் என் கையில் அது பூவா தலையா. இரண்டு நரியில் ஒன்று கல் சுவருக்கு அடியில் போய் ஒடுங்கும். அதனால் காற்றில்லாத இரவில் 220 மீட்டர், புல் நுனி ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கிவிட்டால் 150. இதற்கு மேல் இருந்தால் சுடுவதில்லை. எழுந்து நடக்கிறேன், சுவர் மறைவில் ஐம்பது மீட்டர் கிட்டே போகிறேன், இல்லையென்றால் வீட்டுக்குப் போகிறேன். இந்தக் கணக்கு வைத்தபிறகு இரண்டு ஈற்றுக் காலத்தில் 61 நரி. தேடிப்போக வேண்டியிருந்தது ஒன்று, அதுவும் இருபது மீட்டரில் செத்துக் கிடந்தது.

400 மீட்டரில் சுட்டேன் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அங்கே போய்ச் சேர இந்தக் குண்டுக்கு அரை வினாடிக்கும் மேல் ஆகும். அதற்குள் நரி ஒரு அடி எடுத்து வைத்தால் போதும்.

இரவு வேலை என்பதால் ஒன்று கூடுதலாக. தெர்மல் ஸ்கோப் சூட்டைக் காட்டும், முகத்தைக் காட்டாது. 200 மீட்டரில் படுத்திருக்கும் குட்டியும், பக்கத்துப் பண்ணை நாயும், நரியும் வெள்ளைத் திட்டுதான். நடையைப் பாருங்கள், வாலைப் பாருங்கள், தலையைத் திருப்பும்வரை பொறுங்கள். மின்னும் இரண்டு கண்ணை மட்டும் பார்த்துச் சுடவே கூடாது. பக்கத்துப் பண்ணைக்கு முன்கூட்டியே ஒரு மெசேஜ் போட்டுவிடுங்கள். தோட்டாவைத் துப்பாக்கியோடு ஒரே இடத்தில் வைக்காமல் தனியாகப் பூட்டி வைக்க வேண்டும் என்பது உங்கள் லைசென்ஸ் வகுப்பிலேயே சொல்லியிருப்பார்கள். கடைக்குப் போகும்போது லைசென்ஸ் அட்டையை மறக்காதீர்கள், அது இல்லாமல் ஒரு தோட்டா தரமாட்டார்கள்.

தம்பி, முதலில் பத்துப் பெட்டி வாங்கிவிடாதீர்கள். மூன்று வகையில் ஒவ்வொரு பெட்டி வாங்குங்கள், லாட் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், கடைக்காரரிடம் அதே லாட்டில் பத்துப் பெட்டியை ஒரு வாரம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை இங்கே வாருங்கள். எங்கள் கிழக்குப் பேடக்கில் நல்ல மண் கரை இருக்கிறது, அட்டையும் நானே வெட்டி வைக்கிறேன். காதடைப்பான் கொண்டுவாருங்கள். ஏழு மணிக்குள் வந்துவிடுங்கள், எட்டுக்கெல்லாம் மேற்கே இருந்து காற்று எழும்பிவிடும்.